எடைக்குறைப்பு மாத்திரையை நிறுத்தியதும் எடை திரும்பி வந்துவிட்டது: மாத்திரை வேலை செய்ததா, நடை வேலை செய்ததா?

அதிகாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஏழு மாதங்களுக்கு முன்பு, தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ‘முழுக்க முழுக்க மூலிகைகளால் ஆனது’ என்று அச்சிடப்பட்டிருந்த ஓர் எடைக்குறைப்பு மாத்திரையை வாங்கிச் சாப்பிடத் தொடங்கினேன். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோமே என்ற எண்ணத்தில் அன்றிலிருந்தே இரவு உணவைக் குறைத்துக்கொண்டேன். மாலையில் அரை மணி நேரம் நடக்கவும் செய்தேன். முதல் பத்து நாட்களில் இரண்டு கிலோ இறங்கியது. மூன்று மாத முடிவில் மொத்தம் நான்கு கிலோ குறைந்திருந்தது.

ஆனால் இரண்டாவது மாதத்திலிருந்தே இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டுமின்றி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு படபடத்தது. பயந்துபோய் மூன்றாவது புட்டியில் பாதி இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். அதோடு நடையும் விட்டுப்போயிற்று. இப்போது, நான்கு மாதங்களில், போன நான்கு கிலோவும் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது, அதை நிறுத்தியதுதான் தவறு என்று வீட்டில் சொல்கிறார்கள். மீதிப் பாதிப் புட்டியையும் சாப்பிட்டு, மேற்கொண்டு வாங்குவதா, அல்லது உணவு, நடை, தூக்கம் என்ற வழியிலேயே போவதா என்று தெரியாமல் நிற்கிறேன். விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


மருந்தறை எழுதியது:

வணக்கம் ஐயா. நான் மருந்தியல் படித்து, அத்துறையிலேயே பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். நீங்கள் ஒரே நாளில் மூன்று காரியங்களைத் தொடங்கி, அவற்றில் மாத்திரையையும் நடையையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கைவிட்டிருக்கிறீர்கள். எடை இறங்கியதற்கும் மீண்டும் ஏறியதற்கும் மூன்றில் எது காரணம் என்பதை உங்கள் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்லிவிட முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகத்தான் ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்கு உண்மையான மாத்திரையையும், மற்றொரு பிரிவினருக்கு அதே நிறத்தில் அதே வடிவில் எந்த மருந்தும் இல்லாத மருந்துப்போலியையும் கொடுத்து, யாருக்கு எது கிடைத்தது என்பதை இறுதிவரை மறைத்து வைக்கிறார்கள்.

குடம்புளியிலிருந்து எடுக்கப்படும் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தை அப்படித்தான் சோதித்துப் பார்த்தார்கள். 1998-இல் வெளியான அந்த ஆய்வில் 135 பேர் சேர்க்கப்பட்டு, இரு பிரிவினருக்கும் ஒரே மாதிரியான குறைந்த கலோரி உணவுத்திட்டம் 12 வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டது. மாத்திரை சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இழந்தார்கள். மருந்துப்போலி சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ இழந்தார்கள். இந்த வேறுபாட்டுக்குப் புள்ளியியல் நோக்கில் பொருள் எதுவும் இல்லை, அதாவது இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த 3.2 கிலோவை இழந்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டிருந்தால், அவர்களில் பலரும் மாத்திரை வேலை செய்தது என்றே உறுதியாகச் சொல்லியிருப்பார்கள். உங்கள் வீட்டில் சொல்வதும் அதைத்தான். அவர்கள்மேல் தவறு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் இன்னொரு பிரிவு இல்லை, அவ்வளவே.

முதல் பத்து நாட்களில் இறங்கிய இரண்டு கிலோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லீரலிலும் தசைகளிலும் நம் உடல் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கிறது. உணவைக் குறைத்தவுடன் முதலில் செலவாவது இந்தச் சேமிப்பு என்பதால், அதனுடன் இருந்த தண்ணீரும் வெளியேறி, எடைக்கருவியின் முள் சட்டென்று இறங்குகிறது. ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்னும்போது, பத்து நாட்களில் இரண்டு கிலோ கொழுப்பு போயிருக்க வழியே இல்லை. ‘பத்தே நாட்களில் பலன்’ என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தத் தண்ணீரைத்தான் விற்கிறார்கள்.

இனி மொத்தமாகப் பார்ப்போம். எடைக்குறைப்புத் துணைச்சத்துகளையும் (உங்கள் மாத்திரையைப் போல, மருந்தாக அல்லாமல் உணவுக்குத் துணையாக விற்கப்படுபவை) மாற்று மருத்துவ முறைகளையும் பற்றிய 315 ஆய்வுகளைத் தொகுத்து அலசிய ஒரு மதிப்பாய்வு 2021-இல் வெளியானது. அவற்றில் நம்பத்தகுந்த முறையில் நடத்தப்பட்டவை 52 மட்டுமே. அந்த 52-லும் இரு பிரிவினருக்கிடையே பொருட்படுத்தத்தக்க எடை வேறுபாட்டைக் காட்டியவை 16. அந்த வேறுபாடும் 0.3 கிலோவிலிருந்து 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை என்று ஆய்வுக்கு ஆய்வு மாறிக் கிடந்தது. எடைக்குறைப்பு மருந்து என்று முறையாக ஒப்புதல் பெற்ற ஆர்லிஸ்டாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது உணவிலுள்ள கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. நான்கு ஆண்டுகள் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தோடு அதைச் சாப்பிட்டவர்கள் 5.8 கிலோவும், வாழ்க்கைமுறை மாற்றத்தோடு மருந்துப்போலி சாப்பிட்டவர்கள் 3 கிலோவும் இழந்திருந்தார்கள். நிரூபிக்கப்பட்ட மருந்தே கூடுதலாகக் கொடுத்தது மூன்று கிலோவுக்கும் குறைவு என்றால், யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு கலவையிடம் அதைவிட அதிகமாக எதிர்பார்ப்பதற்குக் காரணமே இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் படபடப்பும் தூக்கமின்மையும்தான். மருந்துகளைப் போல, விற்பனைக்கு வருமுன் தம் பயனையும் பாதுகாப்பையும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் துணைச்சத்துகளுக்கு இல்லை. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலைமை இதுதான். 2007-க்கும் 2016-க்கும் இடையில் அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, லேபிளில் சொல்லப்படாத மருந்துகள் கலந்திருந்த 776 துணைச்சத்துத் தயாரிப்புகளைக் கண்டறிந்தது. அவற்றில் ஏறக்குறைய 41 சதவீதம் எடைக்குறைப்புக்கானவை. அந்த வகையில் அதிகம் சிக்கியது சிபுட்ரமின். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரிந்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2010-இலேயே விலக்கப்பட்ட மருந்து அது. உங்கள் புட்டியிலும் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ‘மூலிகை’ என்ற சொல் உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் ஆகாது என்பதை மட்டும் சொல்கிறேன். புட்டியைத் தூக்கி எறிந்துவிடாமல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். முடிந்தால் லேபிளில் உள்ள பொருட்களை இங்கேயும் எழுதுங்கள்.


நிதானம் எழுதியது:

வணக்கம் சகோதரரே. நான் ஊட்டச்சத்து ஆலோசகர். மருந்தறை ஐயா மாத்திரையைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் அடுத்த பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ‘சாப்பாட்டைக் குறை, நட, தூங்கு’ என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு, எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் அடிப்படைகள் மக்களுக்கு அலுப்பூட்டும் உபதேசமாகத் தெரிகின்றன.

என்னிடம் வருபவர்களை முதல் நாளே ஒரு வேலை செய்யச் சொல்வேன். சமையலுக்கு வழக்கமாக எவ்வளவு எண்ணெய் ஊற்றுவார்களோ அதே அளவை ஒரு வெறும் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லிவிட்டு, பிறகு அதைத் தேக்கரண்டியால் அளந்து எடுக்கச் சொல்வேன். ‘இரண்டு தேக்கரண்டிதான் ஊற்றுவேன்’ என்று உறுதியாகச் சொன்ன ஒரு பெண்மணி, மூன்றாவது கரண்டி எடுக்கும்போது சிரித்தார், ஐந்தாவது எடுத்தபோது பேசவே இல்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 40 கலோரி இருக்கிறது. கணக்கில் வராத அந்த மூன்று கரண்டி 120 கலோரி. உங்கள் எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விரைந்து நடந்து கூடுதலாகச் செலவழிப்பதில் பெரும்பகுதி அந்தக் கிண்ணத்திலேயே போய்விடுகிறது.

அந்தப் பெண்மணி பொய் சொல்லவில்லை. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்குவதில்லை என்று சொன்னவர்களைக் கொண்டு நடத்தி 1992-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர்கள் தாங்கள் உண்ட அளவைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், தங்கள் உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்களின் வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் இல்லை. மனிதக் கண் உணவை அளக்கும் கருவி அல்ல. எனவே உங்களுக்கு என் முதல் ஆலோசனை, இரண்டு வாரங்களுக்கு மட்டும் அளந்து சமைத்து, உண்டதையெல்லாம் எழுதி வைப்பது. வாழ்நாள் முழுக்க அளக்கத் தேவையில்லை. இரண்டு வாரங்களில் கைக்கும் கண்ணுக்கும் அளவு பழகிவிடும்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 20 பேரை மருத்துவமனை வளாகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரங்கள் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும், இரண்டு வாரங்கள் இயல்பான உணவையும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை சமமாக இருந்தன. விரும்பிய அளவு சாப்பிடலாம் என்றும் சொன்னார்கள். மிகையாகப் பதப்படுத்தியதை உண்ட நாட்களில் அவர்கள் தங்களை அறியாமல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, 0.9 கிலோ கூடினார்கள். இயல்பான உணவில் அதே அளவு குறைந்தார்கள். பொட்டலத்தில் அடைத்த நொறுக்குத் தீனியும் சர்க்கரை சேர்த்த பானங்களும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்வது, மேசைமேல் இருப்பதை மன உறுதியால் தள்ளி வைப்பதைவிடப் பல மடங்கு எளிது.

தூக்கத்தை நீங்கள் இரண்டாவதாகக் கூட நினைக்கக் கூடாது. நாள்தோறும் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த 80 பேரைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சுமார் ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கியவர்கள், உணவைப் பற்றி எந்த அறிவுரையும் பெறாமலே, நாளொன்றுக்குச் சராசரியாக 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். உங்கள் மாத்திரை உங்கள் தூக்கத்தைப் பறித்தது என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். எடையைக் குறைக்க வந்த பொருள், பசியைக் கட்டுப்படுத்தும் இயல்பான வழிகளில் ஒன்றையே அடைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடங்கள் நடப்பது என்ற இரண்டே இலக்குகளோடு வாழ்ந்தவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 31 சதவீதம் குறைந்தது. 86 கிலோவில் 7 சதவீதம் என்பது ஆறு கிலோ. உங்கள் உயரத்துக்குப் பட்டியலில் போட்டிருக்கும் ‘சரியான’ எடையை நினைத்து மலைக்காமல், அந்த ஆறு கிலோவை ஓராண்டில் குறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.


மறுகரை எழுதியது:

மேலே எழுதியவர்கள் இருவரும் சொன்ன தகவல்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் ‘அடிப்படைகளைச் சரியாகச் செய்தால் போதும்’ என்ற தொனியில் நிதானம் அம்மா எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இருபது வயதிலிருந்து நான் நான்கு முறை பத்து கிலோவுக்கு மேல் குறைத்து, நான்கு முறையும் திரும்பக் கூடியவள். அளந்துதான் சமைத்தேன், நடந்தேன். ஒவ்வொரு முறை எடை திரும்பும்போதும், ‘நீ ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை’ என்ற பேச்சைத்தான் கேட்டேன். அந்தப் பேச்சுதான் என்னைப் போன்றவர்களை மாத்திரைப் புட்டிகளிடம் துரத்துகிறது.

எடை குறைந்தால் உடல் அதை இழப்பாகவே எடுத்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இழந்தவர்களின் பசி சார்ந்த ஹார்மோன்களை ஓராண்டு கழித்து மீண்டும் அளந்தபோதும், அவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அவர்களுக்குப் பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. எனவே, ஐயா, உங்கள் நான்கு கிலோ திரும்பி வந்ததை உங்கள் சோம்பலாக எண்ணி வருந்த வேண்டாம்.

இன்னொன்று: எடைக்குறைப்பு மருந்து எல்லாமே வீண் என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. செமாக்ளூடைட் என்ற ஊசி மருந்தை வாழ்க்கைமுறை ஆலோசனையோடு 68 வாரங்கள் எடுத்துக்கொண்டவர்கள் உடல் எடையில் சராசரியாக 14.9 சதவீதம் இழந்ததாகவும், அதே ஆலோசனையோடு மருந்துப்போலி எடுத்துக்கொண்டவர்கள் 2.4 சதவீதம் இழந்ததாகவும் 2021-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் துணைச்சத்தும், மருத்துவர் பரிசோதித்து, அளவு குறித்து, பக்க விளைவுகளைக் கவனித்துக்கொண்டே தரும் மருந்தும் ஒன்றல்ல. அந்த ஊசியையும் நிறுத்தினால், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாருக்கு அது தேவை என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மருந்துகள், சில மனநல மருந்துகள் ஆகியவற்றாலும் எடை கூடும். அவற்றைப் பார்க்காமல் நடையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பொருள் இல்லை.


நிதானம் எழுதியது:

மறுகரை சகோதரி சொன்னது சரி. என் தொனியில் அந்தக் குறை இருந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். குறைந்த எடையைத் தக்கவைப்பது, குறைப்பதிலிருந்து வேறுபட்ட, அதைவிட நீண்ட வேலை என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உணவைக் குறைக்கும் மாதங்களில் வாரம் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி செய்தால், இழக்கும் எடையில் தசையின் பங்கு குறையும். படிக்கட்டில் ஏறி இறங்குவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது ஆகியவையே தொடக்கத்துக்குப் போதுமானவை. அளவான உணவும் நடையும் ஒருவருக்குப் போதாமல் போகலாம். ஆனால் சகோதரி சொன்ன ஊசி மருந்தின் ஆய்விலும் இரு பிரிவினருக்கும் அந்த ஆலோசனை கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.


அதிகாலை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புட்டியை வெளிச்சத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் பச்சை இலைகளின் படம். பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், ‘தனியுரிமைக் கலவை 900 மில்லிகிராம்’ என்றும், அதன் கீழே பச்சைத் தேயிலைச் சாறு, குடம்புளிச் சாறு, குவாரானா, கசப்பு ஆரஞ்சு என்றும் இருக்கிறது. எது எவ்வளவு என்று இல்லை. நாளுக்கு இரண்டு மாத்திரை. எல்லாவற்றுக்கும் கீழே, ‘குறைந்த கலோரி உணவுடனும் உடற்பயிற்சியுடனும் எடுத்துக்கொண்டால் மட்டுமே பலன் தரும்’ என்று ஒரு வரி. மூன்று மாதங்கள் கையில் வைத்திருந்த புட்டியில் இந்த வரியை நேற்றுதான் பார்த்தேன். நான் நாளுக்கு நான்கு கோப்பை காபி குடிப்பவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


மருந்தறை எழுதியது:

உங்கள் படபடப்புக்கு அந்தப் பட்டியலே போதுமான விளக்கமாக இருக்கலாம். குவாரானா என்பது காஃபீன் நிறைந்த ஒரு விதை. பச்சைத் தேயிலைச் சாறிலும் காஃபீன் இருக்கக்கூடும். கசப்பு ஆரஞ்சில் உள்ள சினெஃப்ரின், இதயத் துடிப்பைத் தூண்டும் எஃபெட்ரின் என்ற பொருளை ஒத்த அமைப்புடையது. எஃபெட்ரா என்ற செடியிலிருந்து எடுத்த எஃபெட்ரின் கலந்த துணைச்சத்துகளை, இதயத்துக்கும் மூளைக்கும் நேர்ந்த கேடுகளால் அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. அதன்பிறகு அந்த இடத்தைப் பிடித்த பொருட்களில் கசப்பு ஆரஞ்சும் ஒன்று. இவற்றின் மேல் நான்கு கோப்பை காபி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பொதுவாகத் தீங்கில்லை என்று கருதப்படுகிறது. அளவே எழுதப்படாத கலவையைச் சாப்பிட்ட நீங்கள் அந்த எல்லைக்குள் இருந்தீர்களா என்பதை உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறும் குடம்புளியும் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பை ஏற்படுத்தியிருக்கின்றன. பச்சைத் தேயிலையில் உள்ள EGCG என்ற கேட்டெச்சின் வகைப் பொருளை மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பது கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. மீதியைச் சாப்பிட வேண்டாம். ரத்த அழுத்தம், கல்லீரல் நொதிகள், தைராய்டு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.


அதிகாலை எழுதியது:

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கல்லீரல், தைராய்டு இரண்டும் சரியாக இருக்கின்றன. ரத்த அழுத்தம் 146/92 இருந்தது. புட்டியைப் பார்த்த மருத்துவர் அதைத் தொடவே கூடாது என்றார். நான் குறட்டை விடுவேன் என்று மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று அறியும் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எண்ணெயை அளந்து பார்த்தோம். எங்கள் வீட்டில் நான்கரை தேக்கரண்டி. காபி இரண்டு கோப்பையாகிவிட்டது, மதியத்துக்குப் பிறகு இல்லை. மாலை நடை வாரம் ஐந்து நாட்கள் நடக்கிறது. எடை நேற்று 84.3. பரிசோதனைக்கு அடுத்த வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள், முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.